தகப்பன் கட்டையென்றால் பிள்ளையும் கட்டையா? வெருகல் பிள்ளைகளின் வளர்த்தி, அன்றும் இன்றும்

பாடசாலை மருத்துவப் பரிசோதனை நாளில் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு ஒட்டி நிற்பார்கள். குதிக்கால், பிட்டம், தோள் மூன்றும் சுவரில் பட வேண்டும். பார்வை நேரே போக வேண்டும். தலைமயிரை அமுக்கிக்கொண்டு அளவுப் பலகை இறங்கும். ஒருவர் இலக்கத்தைச் சொல்ல, மற்றவர் எழுதிக்கொள்வார். அந்த இலக்கம் வயதுக்குக் குறைவென்று தாயை அழைத்துச் சொன்னால், வெருகல் பக்கத்தில் அநேகமாக வரும் பதில் இதுதான்: "தகப்பனும் கட்டதானே மிஸ், புள்ள எங்க வளரப்போகுது?"

அந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. வயிறார உண்டு, பெரிய நோயின்றி வளரும் சமூகங்களில், ஆளுக்கு ஆள் காணும் உயர வித்தியாசத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு பரம்பரையால் வருவது. பிள்ளை வளர்ச்சியை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த பிரித்தானிய மருத்துவர் ஜேம்ஸ் டானரின் பெயரோடு ஒரு கணக்கும் உண்டு. தாய், தகப்பன் இருவரின் உயரத்தையும் சென்றிமீற்றரில் கூட்ட வேண்டும். ஆண்பிள்ளையானால் 13ஐச் சேர்த்து, பெண்பிள்ளையானால் 13ஐக் கழித்து, இரண்டால் வகுத்தால் பிள்ளை எட்டக்கூடிய உயரம் ஓரளவு தெரியும்.

ஆனால் அந்தக் கணக்கு ஒன்றை எடுத்துக்கொண்டுதான் தொடங்குகிறது. தாயும் தகப்பனும் தாங்கள் வளர வேண்டிய அளவுக்கு வளர்ந்து முடித்தவர்கள் என்பதே அது. வெருகலில் இன்று தகப்பனாக இருப்பவரின் பதின்மூன்றாம் வயது எங்கே கழிந்தது, அப்போது அவர் என்ன சாப்பிட்டார், எத்தனை தரம் காய்ச்சலில் படுத்தார் என்று கேட்காமல் அந்தக் கணக்கை இங்கே போட முடியாது. அவருடைய உயரத்தில் பரம்பரையும் இருக்கிறது, பட்டினியும் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கி 'எங்கட வளர்த்தி இவ்வளவுதான்' என்று முடித்துவிட்டால், பிள்ளைக்குக் கிடைக்க வேண்டியதைக் கேட்பதற்கே ஆளில்லாமல் போய்விடும்.

சேனைச் சாப்பாடும் காய்ச்சல்கட்டியும்

திருகோணமலை மாவட்டத்தின் தெற்கு எல்லையில் இருக்கிறது வெருகல். மகாவலியின் கிளையான வெருகல் ஆறு கடலில் சேரும் இடம். ஆற்றைக் கடந்தால் மட்டக்களப்பு மாவட்டத்தின் கதிரவெளி, வாகரை. பழைய கொட்டியாரப்பற்றின் பகுதி இது. சித்திர வேலாயுத சுவாமி கோயில் திருவிழாவுக்கு இரு மாவட்டத்தாரும் கூடுவார்கள். ஈச்சிலம்பற்று, பூநகர், மாவடிச்சேனை, முட்டுச்சேனை, வட்டவன், இலங்கைத்துறை முகத்துவாரம் என்று விரியும் ஊர்களில் வயலும் சேனையும் மீனும் மாடும்தான் பிழைப்பு. கரையோர வேடர் வழிவந்த குடும்பங்களும் இந்தக் கரையில் வாழ்கின்றன.

'அந்தக் காலச் சாப்பாட்டில் வளர்ந்தவர்கள் நாங்கள்' என்று முதியவர்கள் சொல்வதில் அர்த்தம் உண்டு. சேனையில் குரக்கனும் சோளமும் பயறும் விளைந்தன. ஆற்றிலும் களப்பிலும் மீன், இறால், மட்டி. பட்டியில் எருமைப் பாலும் தயிரும். வேலியில் முருங்கை. காட்டில் தேனும் வேட்டை இறைச்சியும், காலம் வந்தால் பாலைப்பழமும் வீரைப்பழமும். வளரும் உடம்புக்கு வேண்டிய புரதம், சுண்ணாம்புச் சத்து, துத்தநாகம், இரும்பு எல்லாமே இந்தப் பட்டியலில் இருக்கின்றன.

அப்படியானால் பிள்ளைகள் ஏன் நெட்டையாக வளரவில்லை? சாப்பிட்டதை உடம்பு வைத்துக்கொள்ள முடியாதபடி வேறு சில வேலைகள் நடந்துகொண்டிருந்தன. முதலாவது மலேரியா. உலர்வலயத்துக் கிழக்குக்கு அது வருடாவருடம் வரும் விருந்தாளி. பிரித்தானியர் காலத்தில் மலேரியாவின் அளவை அறியப் பாடசாலைப் பிள்ளைகளின் வயிற்றைத் தடவி மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்த்தார்கள். நம்மவர்கள் அதற்குக் காய்ச்சல்கட்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். நாலைந்து நாள் குளிர்காய்ச்சலில் கிடந்து எழும்பும் பிள்ளைக்கு இரத்தம் குறைந்திருக்கும், பசியும் இருக்காது. தேறி வரும்போது அடுத்த காய்ச்சல் பிடிக்கும்.

இரண்டாவது வயிற்றுப் பூச்சி. மலசலகூடம் இல்லாத ஊரில் வெறுங்காலோடு நடக்கும் பிள்ளையின் பாதத்தால் கொக்கிப்புழு ஏறும். குடலில் தங்கி இரத்தத்தைக் குடிக்கும். மூன்றாவது பஞ்ச மாதங்கள். மாரி வெள்ளத்தில் பாதை அடைபட்டு, பழைய நெல் தீர்ந்து, புது நெல் வராத நாட்களில் கஞ்சிதான். வருடத்தில் சில மாதம் நல்ல சாப்பாடு, சில மாதம் அரைவயிறு, இடையிடையே காய்ச்சல் என்றே உடம்பு வளர்ந்தது.

இப்படி நின்று நின்று வளர்ந்ததை எலும்பே பதிந்து வைத்திருக்கும். கால் எலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் சிலருக்கு முழங்காலுக்குக் கிட்ட மெல்லிய வெண்கோடுகள் குறுக்கே ஓடுவது தெரியும். நோயிலோ பட்டினியிலோ வளர்ச்சி நின்று, பிறகு மீண்டும் தொடங்கிய இடங்கள் அவை. இவற்றை விவரித்த பிரித்தானிய மருத்துவர் ஹரிஸின் பெயரால் ஹரிஸ் கோடுகள் என்பார்கள்.

பழைய ஆட்கள் கண்ட இன்னொரு விஷயமும் உண்மையே. 'அவன் இருபது வயதிலயும் வளர்ந்தவன்' என்பார்கள். ஊட்டம் குறைந்த பிள்ளைக்குப் பருவமடைவது பிந்தும். பிந்துவதால் எலும்பு மூடுவதும் பிந்தும், வளர்வதற்குக் கொஞ்சம் கூடுதல் காலம் கிடைக்கும். இழந்ததில் ஒரு பங்கை உடம்பு அப்படி மீட்டுக்கொள்ளும். முழுதையும் மீட்பது அரிது.

போர் தின்ற வருடங்கள்

சுதந்திரத்தை ஒட்டிய வருடங்களில் இலங்கை முழுதும் பிள்ளைகளின் உடம்பு தேறத் தொடங்கியிருந்தது. 1940களின் நடுவிலிருந்து டி.டி.ரீ. தெளித்து மலேரியாவை அடக்கினார்கள். இலவசக் கல்வி வந்தது. குடும்பநல மாது வீடு தேடி வந்தார். 1973இலிருந்து திரிபோஷா சத்துமாப் பைகள் தாய்மாருக்கும் சிறுவருக்கும் கிடைத்தன. அதே வழியில் வெருகலும் மெல்லத் தேறியிருக்கும். போர் அதைக் குறுக்கே வெட்டியது.

பிறந்த வருடத்தை வைத்துக் கணக்குப் பார்த்தால் விளங்கும். 1977இல் பிறந்த பிள்ளைக்கு, 1990 ஜூனில் கிழக்கில் இராணுவத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே மீண்டும் போர் மூண்டபோது வயது 13. உயரம் பாய்ந்து கூடுகிற வயது அது. 1984இல் பிறந்தவரின் பதின்ம வயதின் பெரும்பகுதி பொருட்கள் கட்டுப்படுத்தப்பட்ட, புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பிரதேசத்தில் கழிந்தது. மருந்துக்கும் எரிபொருளுக்கும் சோதனைச் சாவடியில் காத்திருந்த காலம். அந்த ஆண்டுகளில் மலேரியாவும் திரும்பி வந்தது. 1999இல் நாட்டில் இரண்டரை இலட்சம் பேருக்கு மேல் மலேரியா கண்டது, வடக்கும் கிழக்கும் அதில் பெரும் பங்கைச் சுமந்தன.

1994இல் பிறந்த பிள்ளைக்கு 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியாகக் கடல் வந்தபோது வயது பத்து. கரையோர ஊர்களில் வள்ளமும் வலையும் வீடும் போயின. மீன் பிடித்த குடும்பம் நிவாரண மீன்ரின்னில் வாழ்ந்தது. 2006இல் மாவிலாறு அணைக்கட்டில் தொடங்கிய சண்டை ஊரையே பெயர்த்தபோது அதே பிள்ளைக்கு 12. வெருகல் ஆற்றைக் கடந்து கதிரவெளிக்கும் வாகரைக்கும் போனார்கள். நவம்பர் 8ஆம் திகதி கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சமடைந்திருந்தவர்கள்மீது எறிகணை விழுந்து பலர் மாண்டார்கள். சாப்பாட்டு லொறி வருவது நிச்சயமில்லாத வாரங்கள் கழிந்தன. 2007 ஜனவரியில் வாகரை இராணுவத்திடம் வீழ்ந்தது. மக்கள் மட்டக்களப்பு முகாம்களில் இருந்து அந்த வருடமே ஊருக்குத் திரும்பத் தொடங்கினார்கள். பிள்ளைக்கு அப்போது 13.

பருவமடையுமுன் பிள்ளை வருடத்துக்கு ஐந்தாறு சென்றிமீற்றர் வளரும். பாய்ச்சல் தொடங்கியதும் பெண்பிள்ளைக்கு அது எட்டு வரையும் ஆண்பிள்ளைக்கு ஒன்பது, பத்து வரையும் ஏறும். பெண்பிள்ளையின் உச்சம் பதினொன்று, பன்னிரண்டு வயதளவில் வரும். ஆண்பிள்ளைக்கு அதைவிட இரண்டு வருடம் பிந்தும். அந்த ஒன்றிரண்டு வருடத்தில் முகாம் அரிசியும் பருப்பும்தான் என்றால் உடம்பு என்ன செய்யும்? குடலைப் பருவத்தில் தண்ணீர் கிடைக்காத வேளாண்மைக்குக் கதிர் முற்றியபின் வாய்க்காலைத் திறந்துவிட்டுப் பயனில்லை என்பது வெருகல் விவசாயிக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

இந்த 1977, 1984, 1994ஆம் ஆண்டுப் பிள்ளைகள்தான் இன்றைய தகப்பன்மார், தாய்மார். அவர்களின் உயரத்தைப் பரம்பரை என்று மட்டும் சொல்வது அவர்கள் பட்டதை மறைப்பதாகும்.

உலகத்தைப் பார்த்தாலும் இதுவே தெரிகிறது. 1795 வரை திருகோணமலைக் கோட்டையை வைத்திருந்த ஒல்லாந்தர் அன்று உயரமான இனமல்ல. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலும் அவர்களின் இளைஞர்கள் சராசரியில் 165 சென்றிமீற்றர் அளவில்தான் நின்றார்கள். பாலும் சுத்தமான நீரும் நோய்த்தடுப்பும் எல்லோருக்கும் கிடைத்தபின் 180ஐத் தாண்டி உலகிலேயே உயர்ந்தவர்கள் ஆனார்கள். தென்கொரியப் பெண்களின் சராசரி உயரம் 100 ஆண்டுக் காலத்தில் 20 சென்றிமீற்றர் கூடியது. அதற்குள் பரம்பரை மாறிவிடவில்லை. மாறியது சாப்பாடும் நோயும்தான்.

முறிவு: துறையும் தெருவும்

வளர்த்தியைத் தடுப்பது பசியும் காய்ச்சலும் மட்டுமல்ல. மரத்தால் விழுந்த பிள்ளைகள் ஒவ்வொரு ஊரிலும் இருந்தார்கள். பாலைப்பழத்துக்கும் மாங்காய்க்கும் ஏறி விழுவார்கள். மாட்டு வண்டிலில் இருந்து விழுவார்கள். சைக்கிள் பின்சீற்றில் இருந்து கம்பிக்குள் காலை விட்டுவிடுவார்கள். அன்று பெரிய வைத்தியசாலைக்குப் போவதென்றால் ஆறுகளைப் பாதை எனும் மிதவையில் ஏறிக் கடக்க வேண்டும். மூதூர் போய் அங்கிருந்து லோஞ்சில் கொட்டியாரக்குடாவைத் தாண்ட வேண்டும். போர் நாட்களில் அதுவும் இல்லை. ஆகவே முறிவு நெரிவு வைத்தியரே கதி. மூங்கில் பத்தை வைத்து, எண்ணெய் பூசி, சீலை சுற்றிக் கட்டுவார். நெடு எலும்பின் நடுவில் நேராக முறிந்திருந்தால் பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் நன்றாகவே பொருந்தும், ஏனென்றால் வளரும் எலும்புக்குத் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் வல்லமை உண்டு.

அந்த வல்லமை கைவிடுவது மூட்டுக்குக் கிட்ட முறியும் முறிவில்தான். பிள்ளையின் எலும்பு நுனிக்குக் கிட்ட ஒரு குருத்தெலும்புத் தட்டு இருக்கிறது. எலும்பு நீளுவது அந்தத் தட்டால்தான். எக்ஸ்ரேயில் எலும்பு வெள்ளையாகத் தெரிய, இந்த இடம் கறுப்புக் கீற்றாகத் தெரியும். வளர்ந்து முடிந்ததும் அந்தக் கீற்று எலும்பாகி மறைந்துவிடும். அதன்பின் உயரம் கூடாது. பிள்ளைகளின் எலும்பு முறிவுகளில் ஏறத்தாழ 15 முதல் 30 வீதம் இந்தத் தட்டைத் தொடுபவை. கனடாவின் ரொறன்ரோ நகரில் சோல்டர், ஹரிஸ் என்ற இரு மருத்துவர்கள் 1963இல் இவற்றை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். இவர் வேறு ஹரிஸ். முதல் இரு வகையும் சரியாகப் பார்த்தால் பெரும்பாலும் குறையின்றி ஆறும். மற்றவற்றில் தட்டின் ஒரு பகுதி எலும்பாக இறுகிவிடும் ஆபத்து உண்டு. இறுகினால் அந்தக் கால் அல்லது கை மற்றதைவிடக் குட்டையாகும், அல்லது ஒரு பக்கம் வளர்ந்து மறுபக்கம் நின்று வளையும்.

எந்த மூட்டு என்பதும் முக்கியம். காலின் வளர்ச்சியில் பெரும்பங்கு முழங்காலைச் சுற்றித்தான் நடக்கிறது. தொடை எலும்பு மட்டும் முழங்கால் பக்கத்துத் தட்டில் வருடத்துக்கு ஒரு சென்றிமீற்றரளவு நீளும். பத்து வயதில் அந்தத் தட்டு இறுகிப்போனால் பருவம் முடியும்போது இரு கால்களுக்கும் ஐந்தாறு சென்றிமீற்றர் வித்தியாசம் வந்துவிடலாம். பதினைந்தில் நடந்தால் இழப்பு சிறிது. 'சின்னப்பிள்ளைதானே, ஆறிடும்' என்ற வார்த்தை இங்கே நேர்மாறாக வேலை செய்கிறது. வயது குறையக் குறைய இழப்புக் கூடும்.

ஒரு பயத்தையும் இங்கே போக்க வேண்டும். கை முறிந்தால் ஆள் கட்டையாகிவிடுவான் என்று சிலர் நினைக்கிறார்கள். முறிவு அந்த எலும்பை மட்டுமே பாதிக்கும். உடம்பின் முழு உயரத்தை அது நிறுத்தாது. தலைச்சுமை தூக்கினால் வளர்த்தி குறையும் என்பதும் அப்படியே. விறகும் தண்ணீர்க் குடமும் எலும்புத் தட்டை நசுக்குவதில்லை. அரைவயிற்றுப் பிள்ளை நாள் முழுதும் சுமந்தால், வளர்வதற்கு வைத்த சத்தை வேலை எடுத்துக்கொள்ளும். குறைவு அங்கேதான் வருகிறது.

போரின் முறிவு வேறு. கண்ணிவெடியில் காலை இழந்த பெரியவருக்கு ஒரு செயற்கைக் காலைச் சில வருடங்கள் பாவிக்கலாம். வளரும் பிள்ளைக்கு ஒரு வருடத்திலேயே அது கட்டையாகிவிடும். அதோடு, வெட்டப்பட்ட எலும்பின் முனை தொடர்ந்து வளர்ந்து தோலைக் குத்தும், மீண்டும் சத்திரசிகிச்சை தேவைப்படும். பிள்ளையின் வளர்த்தியே அந்தப் பிள்ளைக்கு வலியாகும் நிலை அது. மட்டக்களப்பு 2017இல் கண்ணிவெடியற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டபோது இந்தக் கரையில் பலர் பெருமூச்சு விட்டதன் காரணம் இதுதான்.

இன்று துறைகளின் இடத்தில் பாலங்கள் நிற்கின்றன. திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்கு வெருகல் ஊடாகப் பஸ் ஓடுகிறது. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். மரத்தால் விழும் பிள்ளைகள் குறைந்திருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளால் விழுபவர்கள் கூடியிருக்கிறார்கள். அனுமதிப்பத்திர வயது வராத பொடியன்கள் மூன்று பேராக ஏறிப் போவதை நல்ல தெரு கொண்டுவந்த புதிய ஆபத்தென்றே சொல்ல வேண்டும். மோட்டார் சைக்கிள் விபத்தில் முழங்காலும் கணுக்காலும்தான் முதலில் அடிபடும்.

வைத்தியசாலை கிட்டியும் தவறும் இடம் ஒன்று இருக்கிறது. பிளாஸ்டர் வெட்டியதும் எல்லோரும் அலுவல் முடிந்தது என்று நினைக்கிறார்கள். தட்டு இறுகுவது உடனே தெரியாது. ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் மீண்டும் எக்ஸ்ரே எடுத்தால்தான் பிடிபடும். இரண்டு சென்றிமீற்றர் வரையான வித்தியாசத்தைச் செருப்பு உயர்த்தியே சமாளிக்கலாம். அதற்கு மேலென்றால், பிள்ளை வளர்ந்துகொண்டிருக்கும்போதே நீளமான காலின் தட்டைச் சின்னச் சத்திரசிகிச்சையால் நிறுத்தி இரண்டையும் சமமாக்கலாம். வளர்ச்சி முடிந்தபின் அந்த வழி அடைபட்டுவிடும். முறிவு நெரிவு வைத்தியரிடம் போகிறவர்களும் மூட்டுக்குக் கிட்ட வீங்கியிருந்தால் முதலில் எக்ஸ்ரே எடுக்கட்டும். கட்டுப் போட்டபின் விரல் வெளிறினாலோ விறைத்தாலோ வலி கூடிக்கொண்டே போனாலோ விடியும்வரை காத்திருக்கக்கூடாது. யார் கட்டிய கட்டானாலும் தளர்த்தி வைத்தியசாலைக்கு ஓட வேண்டும்.

மலேரியா போன ஊரில்

இன்றைய வெருகல் பிள்ளைக்கு அன்றைய பிள்ளைக்கு இல்லாத பல கிடைத்திருக்கின்றன. இலங்கை மண்ணில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 அக்டோபரில் பதிவானார். 2016இல் உலக சுகாதார நிறுவனம் நாட்டுக்கு மலேரியா அற்ற சான்று கொடுத்தது. காய்ச்சல்கட்டி என்ற சொல் பிள்ளைகளுக்குத் தெரியாது. வீட்டுத்திட்டங்களோடு மலசலகூடங்கள் வந்தன. பாடசாலையில் பூச்சிக் குளிசையும் இரும்புச்சத்துக் குளிசையும் கிடைக்கின்றன. ஆற்றலைத் தின்ற பழைய எதிரிகள் பலர் தோற்றுவிட்டார்கள்.

ஆயினும் 2016ஆம் ஆண்டின் தேசியக் குடித்தொகை, சுகாதார ஆய்வு ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட இலங்கைப் பிள்ளைகளில் 17 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், 15 வீதத்தினர் உயரத்துக்கேற்ற நிறையில்லாதவர்கள் என்று சொன்னது. அந்தப் பிள்ளைகள்தான் இன்று பருவ வயதில் நிற்பவர்கள். அவர்களுக்குச் சற்று முன், 2010இல் பிறந்த பெண்பிள்ளையைப் பாருங்கள். ஊரில் குண்டுச் சத்தம் ஓய்ந்தபின் பிறந்தவள். அவளுக்குப் பத்து வயதானபோது கொரோனா வந்து பாடசாலை மூடியது. 12 ஆனபோது, 2022இல், நாடு வங்குரோத்தானது. அந்த வருடம் செப்டம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்ணில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. பால்மாவும் முட்டையும் மீனும் சட்டிக்கு எட்டாமல் போயின. திரிபோஷாவுக்கும் தட்டுப்பாடு வந்தது. போர் இல்லாமலே ஒரு தலைமுறையின் பாய்ச்சல் வருடத்தில் கைவைக்க முடியும் என்று அந்த வருடம் காட்டியது.

இன்றைய வயிற்றை நிரப்புவது பாணும் பிஸ்கட்டும் நூடில்ஸும் ரோல்ஸும் சோடாவும். வயிறு நிறையும், எலும்புக்கு ஒன்றும் சேராது. கடைக்குப் போகும் காசில் இரண்டு முட்டை அவிக்கலாம் என்பது பல வீடுகளில் கணக்கில் வருவதில்லை. வெருகல் மீன் ஐஸ்பெட்டியில் ஏறி நகரத்துக்குப் போகிறது, தயிர்ச்சட்டி தெருவோரத்தில் பயணிகளுக்கு விற்பனையாகிறது, வீட்டுப் பிள்ளை பருப்போடு சோறு தின்கிறது. விற்கத்தான் வேண்டும், வருமானம் அதுதான். விற்கும் முன் வளரும் பிள்ளைக்கு ஒரு பங்கு எடுத்து வைப்பது என்பது வீட்டில் பேசித் தீர்மானிக்க வேண்டிய விஷயம். நெத்தலி, சூடை, கூனி போன்ற மலிவான சிறுமீன்களை முள்ளோடு தின்னும்போது சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கிறது. விலை குறைந்த மீனை மதிப்புக் குறைந்த மீன் என்று ஒதுக்குவதற்கு இல்லை.

அடுத்தது நித்திரை. வளர்ச்சி ஹோர்மோனின் பெரும்பகுதி ஆழ்ந்த நித்திரையில் சுரக்கிறது. ஓரிரு இரவு விழித்திருந்தால் உயரம் குறையாது. நடுச்சாமம் வரை கைத்தொலைபேசி, விடிய ஆறு மணிக்கு ரியூசன், காலைச் சாப்பாடு இல்லாமல் பாடசாலை என்று மாதக்கணக்கில் போனால் பசியும் கெடும், விளையாட்டும் கெடும், எலும்பின் கனமும் கெடும். கிளித்தட்டும் கபடியும் விளையாடிய கால்களுக்குக் கிடைத்த அழுத்தம் எலும்பைத் தடிப்பாக்கியது. விளையாட்டுக் கொடுப்பது உயரத்தை அல்ல, எலும்பின் உறுதியை. கம்பியில் தொங்கினால், கரப்பந்து அடித்தால் நெட்டையாவார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. உயரம் கூட்டும் என்று விளம்பரம் செய்யும் மாவுக்கும் குளிசைக்கும் பணம் கொடுக்க வேண்டாம். தட்டு மூடிய பின் எந்த மாவும் எலும்பை நீட்டாது. மூடாதிருக்கும்போது முட்டையும் மீனும் பயறும் அதே வேலையைக் குறைந்த விலையில் செய்யும்.

பெரியபிள்ளையாகும் முன்

நம் வீடுகளில் பெண்பிள்ளைக்கு நல்ல சாப்பாடு எப்போது கிடைக்கிறது? பெரியபிள்ளையானதும்தான். பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், உழுத்தமாக் களி, மாமிமார் கொண்டுவரும் பலகாரம் என்று அப்போது உபசரிப்பார்கள். அன்பான வழக்கம், விட வேண்டியதில்லை. ஆனால் உடம்பின் கணக்குப்படி அந்தச் சாப்பாடு பிந்தி வருகிறது. முதல் மாதவிடாய் வருமுன்பே உயரப் பாய்ச்சலின் உச்சம் கடந்துவிடும். அதன்பின் பெரும்பாலானோருக்கு இன்னும் ஐந்து முதல் ஏழு சென்றிமீற்றர் வளர்ச்சிதான் மிச்சம். இரண்டு வருடத்தில் அதுவும் முடியும். மாமியின் முட்டை ஒன்பது வயதிலேயே தொடங்க வேண்டும். அவள் நாளைக்குத் தாயாகும்போது, இடுப்பெலும்பின் வளர்ச்சியும் இரத்தத்தின் இரும்புமே அவளையும் பிள்ளையையும் காக்கப்போகின்றன. கட்டைத் தாய்க்கு நிறை குறைந்த பிள்ளை, அந்தப் பிள்ளை மீண்டும் கட்டைத் தாய் என்று ஓடும் சங்கிலியை நாம் பரம்பரை என்று அழைக்கிறோம். அதில் ஒரு கண்ணி சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது.

ஆறாம் தரத்தின் மதியச் சாப்பாடு

பாடசாலை மதிய உணவு பிரதானமாக ஆரம்ப வகுப்புகளுக்குரியது. 2024இல் அதை நாடெங்கும் ஆரம்பப் பிரிவு மாணவர் அனைவருக்கும் விரிவாக்கினார்கள். நல்ல காரியம். ஆனால் ஐந்தாம் தரம் முடியும்போது பிள்ளைக்கு வயது பத்து. ஆறாம் தரத்துக்குப் போகும் அதே வருடத்தில் பெண்பிள்ளைகளின் பாய்ச்சல் வேகமெடுக்கிறது, எட்டு, ஒன்பதாம் தரத்தில் ஆண்பிள்ளைகளின் பாய்ச்சல். உடம்பு கூடக் கேட்கும் நேரத்தில் தட்டு நின்றுவிடுகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு முதலிடம் கொடுத்தது சரியே, வாழ்வின் முதல் 1000 நாட்கள்தான் உயரத்துக்கு அத்திவாரம். அந்த அத்திவாரம் பழுதுபட்ட பிள்ளைகளுக்குக் கிடைக்கும் இரண்டாவது வாய்ப்பு, சிறியதாயினும், பருவ வயதில்தான் வருகிறது.

அளவெடுப்பிலும் இதே இடைவெளி. மருத்துவப் பரிசோதனை வழமையாக 1, 4, 7, 10ஆம் தரங்களில் நடக்கிறது. பிள்ளைகள் கூடிய பாடசாலையில் ஏழுக்கும் பத்துக்கும் இடையே மூன்று வருடம் ஓடிவிடும், பலரின் பாய்ச்சலும் அதற்குள் முடிந்துவிடும். ஒரு தடவை எடுத்த இலக்கத்தைவிட ஆறு மாதத்துக்கொரு முறை எடுத்த இரண்டு இலக்கங்களின் வித்தியாசம் கூடச் சொல்லும். கட்டையான பிள்ளை வருடத்துக்கு ஐந்து சென்றிமீற்றர் வளர்ந்துகொண்டிருந்தால் பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை. வருடத்துக்கு நாலுக்கும் குறைவென்றால் டொக்டரிடம் காட்ட வேண்டும். இரத்தக்குறைவு, பூச்சி, தைரொயிட், நீண்டகாலக் குடல் நோய் எதுவாகவும் இருக்கலாம், பலவற்றுக்கு மருந்து உண்டு. இதற்குப் பெரிய கருவி வேண்டாம். சுவரில் ஒட்டிய அளவுநாடாவும், ஒரு மட்டப்பலகையும், திகதி எழுதும் கொப்பியும் போதும். விளையாட்டு ஆசிரியரே செய்யலாம்.

ஏறியது இறங்காது என்று நம்பியிருக்கவும் முடியாது. உலகிலேயே உயர்ந்த ஒல்லாந்து நாட்டிலும் 2001இல் பிறந்தவர்கள் 1980இல் பிறந்தவர்களைவிட ஒரு சென்றிமீற்றரளவு கட்டையாக நிற்கிறார்கள். செல்வந்த நாட்டிலும் அளவுகோல் கீழே வரலாம்.

ஆகவே செய்ய வேண்டியதை ஊரே தொடங்கலாம். வெருகலில் நெல் இருக்கிறது, மீன் இருக்கிறது, பால் இருக்கிறது, சமைக்கத் தாய்மார் இருக்கிறார்கள், பாடசாலைகளில் சமையலறையும் ஏற்கனவே புகைகிறது. ஆறாம் தரத்திலிருந்து ஒன்பதாம் தரம் வரை கிழமையில் மூன்று நாளாவது ஒரு முட்டையோ ஒரு துண்டு மீனோ சேர்ந்த மதியச் சாப்பாடு வேண்டும். பாடசாலை அபிவிருத்திக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதை முதல் விடயமாக எடுக்கலாம். அரசுக்கு எழுதலாம், கோயில் அன்னதானத்திலிருந்து கேட்கலாம், புலம்பெயர்ந்த உறவுகளிடமும் கட்டிடத்துக்குப் பதில் முட்டை கேட்கலாம். கட்டிடம் அடுத்த வருடமும் கட்டலாம். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் எலும்பு அடுத்த வருடம் வரை காத்திருக்காது.